கருப்பு காரில் கீறல் விழாமல் தூசி எடுப்பது எப்படி

"கருப்பு வேணாம்டா, ராத்திரி கழுவி விட்டா காலையில சாம்பல் கலர்ல நிக்கும்" என்று மாமா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கேட்கவில்லை. நாங்கள் இருப்பது சென்னையில் நாவலூர் பக்கம். எதிர்மனையில் இரண்டு வருஷமாகக் கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது, எம்-சாண்ட் லாரி வந்து கொட்டிவிட்டுப் போனால் அன்று மாலை என் கார் மேல் பெயரெழுதிப் பழகலாம். நானும் ஒழுங்காகத் தினமும் காலையில் மஞ்சள் துணியை எடுத்துப் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். ஏழாவது மாதம் ஒரு மதியம், பெட்ரோல் பங்கில் இறங்கிப் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போலக் கீறல். வேறு யாரும் செய்யவில்லை, அத்தனையும் நானே தினமும் சிரத்தையாகப் போட்டது.

அந்தக் கோடுகள் வட்டமாகத் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததுதான் தப்பு, நேர்கோட்டில் துடைத்தால் சரியாகிவிடும் என்று கொஞ்ச நாள் நம்பினேன். அதுவும் இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். வெளிச்சம் விழுகிற புள்ளியைச் சுற்றி வளைவாக அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. அதன் மேல் உட்கார்ந்திருப்பது பாறையை உடைத்து அரைத்த தூள். ஆற்று மணலாவது உருண்டு உருண்டு முனை மழுங்கியிருக்கும், எம்-சாண்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஒவ்வொரு துகளுக்கும் கூர்முனை உண்டு. அதில் இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், இந்தத் தூளை நடுவில் வைத்து அழுத்தி இழுத்தால் அது உப்புத்தாள்தான்.

சரி, இப்போது நான் செய்கிற முறை.

தேவையானவை

செடிக்கு மருந்தடிக்கிற 2 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் ஒன்று. கொஞ்சம் தடிமனான மைக்ரோஃபைபர் துணி, 40 சென்டிமீட்டர் சதுரத்தில், குறைந்தது ஆறு. அப்புறம் அலசத் தேவையில்லாத வகைக் கழுவு திரவம். நான் பயன்படுத்துவது ஆப்டிமம் நோ ரின்ஸ், அதை 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலக்க வேண்டும், அதாவது லிட்டருக்கு 4 மில்லி போதும். இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றுகிறேன். கை தாராளமாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் வராது, பிசுபிசுப்புதான் மிஞ்சும். பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டவே வேண்டாம், பளபளப்புக்காக மேலே போட்ட வேக்ஸ் என்கிற மெழுகுப் பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு போய்விடும்.

முதலில் தூசியைப் பாருங்கள்

வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானட் ஆறியிருக்க வேண்டும். புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. ஒன்றிரண்டு நாள் தூசியா, அல்லது பட்டையாகப் படிந்திருக்கிறதா, சேறு தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டையோ சேறோ என்றால் ஸ்பிரேயர் வேலைக்கு ஆகாது. பூவாளியிலோ ஹோஸிலோ தாராளமாகத் தண்ணீர் விட்டு, கையே வைக்காமல், கூரையிலிருந்து கீழே வரை முதலில் ஓடவிடுங்கள். பாதித் தூசி அதிலேயே போய்விடும்.

நான் வசமாக மாட்டிக்கொண்டது மார்கழி மாதத்தில். காலை ஆறு மணிக்குப் போனால் வண்டி முழுக்கப் பனி கோத்திருக்கும். ஏற்கெனவே ஈரமாகத்தானே இருக்கிறது, தண்ணீர் செலவில்லாமல் இப்படியே துடைத்துவிடலாம், ஈரத்தில் கீறாது என்று எனக்கு ஒரு புத்திசாலித்தனம். டிரைவர் பக்கக் கதவில் துணியை வைத்து இழுத்தபோது "சர்ர்ர்" என்று மெல்லிய சத்தம், கோலப்பொடியை விரலில் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி. சத்தத்தைக் கேட்டும் நிறுத்தாமல் நான்கு கதவையும் முடித்தேன். அன்றைக்கு விழுந்த கோடுகள் இன்றும் இருக்கின்றன. பனி செய்கிற வேலை என்னவென்றால், தூசியைப் பசை மாதிரி பெயிண்டோடு ஒட்டவைக்கிற அளவுக்கு மட்டும் நனைக்கும், அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு நனைக்காது. காய்ந்த தூசியாவது ஊதினால் கொஞ்சம் பறக்கும், இது அதுவும் போகாது. ஆகவே பனி பெய்த வண்டியையும், இரண்டு சொட்டுத் தூறலில் நனைந்த வண்டியையும் காய்ந்த வண்டி என்றே நினைத்துக்கொள்ளுங்கள், மேலே நாமும் நன்றாக நனைத்த பிறகுதான் துணி.

ஊறவைப்பது

ஒரு நேரத்தில் ஒரு பகுதி. கூரை, பிறகு கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்பாதியும் பம்பரும். ஸ்பிரேயரை அடித்தால் தண்ணீர் கோடு கோடாக வழிய வேண்டும், முத்து முத்தாக நின்றால் போதவில்லை என்று அர்த்தம். அடித்துவிட்டு ஒன்றிரண்டு நிமிஷம் சும்மா நில்லுங்கள். சும்மா நிற்பதுதான் கஷ்டம், எனக்குக் கை பரபரக்கும். அந்த நேரத்தில்தான் திரவம் தூசிக்கு அடியில் இறங்கி, ஒவ்வொரு துகளையும் சுற்றி வழுவழுப்பாகப் பிடித்துக்கொள்கிறது. காய விட்டுவிடவும் கூடாது, காய்கிற மாதிரி இருந்தால் இன்னொரு முறை அடியுங்கள்.

துணியை இழுப்பது

துணியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால், விரித்துத் திருப்பிப் பயன்படுத்த எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். அதே கரைசலில் நனைத்து லேசாகப் பிழிந்து, பானட் மேல் வையுங்கள். வைப்பதுதான், அழுத்துவது இல்லை. முன் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினாற்போலப் பிடித்து, துணி தன் எடையிலேயே நகர்கிற மாதிரி ஒரே கோடாக உங்களை நோக்கி இழுங்கள். ஓரம் வந்ததும் தூக்கிவிடுங்கள், போன வழியில் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். இப்போது துணியைத் திருப்பிப் பாருங்கள்: முன் ஓரத்தில் மட்டும் மீசை மாதிரி ஒரு பழுப்புக் கோடு இருக்கும், பின்பகுதி கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். அந்த மீசையை மறுபடி பெயிண்டில் வைக்கத்தான் கூடாது. பக்கத்தைத் திருப்பு, அடுத்த கோடு. எட்டும் முடிந்தால் துணி வாளிக்குள், அடுத்தது கைக்கு. ஒரு துணியையே அலசி அலசி ஓட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், இழைக்குள் போன மண் இரண்டு முக்கலில் வெளியே வராது.

தரையில் விழுந்த துணி அன்றைக்கு ஓய்வு. உதறிவிட்டு எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. சக்கரத்துக்கும் பம்பரின் அடிப்பகுதிக்கும் தனித் துணி, வேறு நிறத்தில் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. ஒருமுறை வாட்டர் வாஷுக்கு விட்ட இடத்தில், சக்கரத்தைத் தேய்த்த அதே பஞ்சு அடுத்த நொடி பானட்டில் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து விடுவதில்லை.

கடைசியாகக் காய்ந்த துணியை விரித்து, மேலே போட்டு, ஒற்றி எடுங்கள். முடிந்தது. எனக்கு முழு வண்டிக்கும் அரை மணி நேரம், நான்கைந்து லிட்டர் தண்ணீர்.

துணிகளைத் தனியாகத் துவையுங்கள், துண்டோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வாசனைக்கு ஊற்றுகிற துணி மென்மையாக்கி கூடவே கூடாது, இழைகளை மூடிவிடும், பிறகு துணி தண்ணீரையும் உறிஞ்சாது, தூசியையும் பிடிக்காது. பால்கனிக் கொடியில் காயப்போடாதீர்கள், எதிர்மனைத் தூசி அங்கேயும் வரும் (இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது).

கேட்டவர்களுக்கு

வேக்ஸ் தடவிய நூல் பிரஷ் போதாதா? மெல்லிய தூசிக்கு ஓரளவு ஓடும், கண்ணாடிக்கும் டாஷ்போர்டுக்கும் நானும் எடுக்கிறேன். கட்டட மணலுக்கு மாட்டேன்.

கார் கவர்? தூசியோடு நிற்கிற வண்டிமேல் கவரைப் போட்டால், கடற்காற்றில் அது படபடவென்று அடித்து ராத்திரி முழுக்கத் தேய்க்கும். சுத்தமான வண்டிக்கு மட்டும்.

ஆர்ஓ மெஷினில் வெளியேறுகிற தண்ணீரைச் சேர்த்து அதில் கரைத்தேன், வெள்ளைத் திட்டு விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். விழத்தான் செய்யும், அந்தத் தண்ணீரில் வடிகட்டப்பட்ட உப்பு எல்லாம் சேர்ந்து இருக்கிறது, போர் தண்ணீரை விட மோசம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பாருங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய தண்ணீர், அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. கோடையில் எங்கள் வீட்டுக்கு ஒரு ராத்திரியில் ஒரு வாளி நிறைகிறது.

ஏற்கெனவே விழுந்த கோடுகளை பாலிஷ் போட்டால் போகும். ஆனால் பாலிஷ் என்பதே கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான், ஆகவே வருஷா வருஷம் செய்கிற வேலை இல்லை. முதலில் துடைக்கிற பழக்கத்தை மாற்றுங்கள்.

காலையில் அப்பார்ட்மென்ட் முழுக்க வண்டி துடைக்கிற அண்ணனை என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். ஒரு வாளி, ஒரு துணி, இருபது கார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் அண்ணனிடம் நான்கு துணியும் ஸ்பிரேயரும் கொடுத்து, ஒரு கதவை நானே செய்து காட்டினேன். பார்த்துவிட்டு, "சார், இது துடைச்ச மாதிரியே இல்லையே" என்றார். மாதக்காசைக் குறைக்கவில்லை, தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் எட்டிப் பார்த்தேன், ஸ்பிரேயர் சரியாகத்தான் அடிக்கிறார். அடித்த கையோடு துடைக்கிறார், அந்த இரண்டு நிமிஷம் நிற்பதுதான் அவருக்கும் வரவில்லை.