மார்கழியில் சைக்கிள் ஓட்டக் கையுறை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறவன் நான். மார்கழியில் கெடிலம் பாலம் ஏறினாலே பனிக்காற்றில் விரல் விறைத்துவிடும். அதற்காகக் கனமான கம்பளிக் கையுறை வாங்காதீர்கள். நம் ஊர்க் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். முதுநகர் தாண்டுவதற்குள் கை வியர்த்துவிடும். பிரேக்கிலும் வழுக்கும்.

மெல்லிய முழுவிரல் கையுறை போதும், உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்தது. மாட்டிக்கொண்டு உங்கள் சைக்கிள் பிரேக்கையே பிடித்துப் பாருங்கள். விரல் நுனியில் துணி தொங்கினால் சின்ன சைஸ் கேளுங்கள். அப்புறம், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள், அங்கே மெத்தை அவசியம். அந்த இடத்தில் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். தோல் கையுறை வேண்டாம்; நனைந்தால் லேசில் காயாது.