சமுதாய வானொலிக்கு அரை மணி நேரப் பண்பாட்டு நிகழ்ச்சி தயாரிப்பது எப்படி?

விளம்பரம் இல்லாமல் நேயர்களின் நன்கொடையை நம்பி நடக்கும் வானொலிகளுக்கு முன்னோடியாக, அமெரிக்காவின் பெர்க்லி நகரில் லூயிஸ் ஹில் முன்னின்று 1949 ஏப்ரலில் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. நிலையத்தைச் சொல்வார்கள். பணத் தட்டுப்பாட்டால் 1950இல் ஒலிபரப்பை நிறுத்திய அந்த நிலையம், நேயர்கள் கைகொடுத்ததால் 1951இல் மீண்டும் ஒலித்தது. செலவை ஏற்பவர் கேட்பவரே என்பதால், அவரிடம் இருக்கும் மிகச் சாதாரணமான ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டியிலும் பாடகரின் குரல் குறைவின்றிக் கேட்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

படி 1: நேரமும் பொருளும்

அரை மணி நேர நிகழ்ச்சி என்றாலும் முப்பது நிமிடமும் உங்களுக்குக் கிடைக்காது. நிலைய அறிவிப்புகள் போக 28 அல்லது 29 நிமிடம் மிஞ்சும். சரியான அளவை நிலையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொருளைக் குறுக்கிக்கொள்வது நல்லது. ‘நாட்டுப்புற இசை’ என்று வைத்தால் எதையும் உருப்படியாகச் சொல்லி முடிக்க முடியாது. ‘தாலாட்டு’ என்று வைத்தால் மூன்று மொழிகளைச் சேர்ந்த மூன்று பாடகர்கள் போதும். ஒவ்வொரு பாடலுக்கும் முன்பு, எந்த இடத்தில் குரல் தணிகிறது, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பாடல் முடிந்ததும் பாடியவரின் பெயரை மறுபடி சொல்லுங்கள், ஏனென்றால் நடுவில் வந்து சேரும் நேயர்கள் எப்போதும் உண்டு.

படி 2: அனுமதி

ஒலிபரப்புவதற்கும், பிறகு இணையத்தில் வைப்பதற்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டு, அதைப் பாடகரின் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 3: ஒலிப்பதிவு

ரெக்கார்டரின் அமைப்பு: 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் கோப்பு. உச்ச ஒலி −12 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். ஒலிப்பதிவுக் கூடமாக இல்லாத சாதாரண அறைக்கு டைனமிக் மைக்கையே நான் பரிந்துரைப்பேன். கண்டென்சர் மைக் நுணுக்கமாகப் பதிந்தாலும் அறையின் எதிரொலியையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். எல்லோரும் பேசாமல் இருக்க அரை நிமிடம் வெறும் அறையையும் பதிந்து வையுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அது கைகொடுக்கும்.

படி 4: மோனோ சோதனை

அதிக நேரம் தர வேண்டிய படி இது. இடம், வலம் என்று இரண்டு தனி ஒலிகளாக வருவது ஸ்டீரியோ; இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருவது மோனோ. ஹெட்போனில் நன்றாகக் கேட்ட பாடல், சிறிய வானொலிப் பெட்டியில் அடியோடு காணாமல் போவது நடக்கக்கூடியதே. பண்பலை ஒலிபரப்பு இடம், வலம் இரண்டையும் கூட்டிய ஒலியை முதன்மையாகவும், அவற்றின் வேறுபாட்டை 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையிலும் அனுப்புகிறது. மோனோ பெட்டி கூட்டிய ஒலியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இடப்பக்க அலை மேலே எழும்போது வலப்பக்க அலை அதே அளவு கீழே இறங்கினால், கூட்டுத்தொகை பூஜ்யம்.

அரங்கு மிக்ஸரின் பேலன்ஸ்டு வெளியீட்டை (ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்புவது), பொருந்தாத கேபிள் வழியாக ரெக்கார்டரின் ஸ்டீரியோ துளையில் செருகும்போதுதான் பெரும்பாலும் இது நேர்கிறது. ஹெட்போனில் குரல் நடுவில் நிற்காமல் இரு காதுகளுக்கும் வெளியே படர்ந்ததுபோல் கேட்டால் சந்தேகப்படுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, அலைகள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் சந்தேகம் உறுதி. ‘ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ’ கொடுத்துப் பிரித்து, ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மற்றதை மோனோவாக வைத்துக்கொண்டால் போதும். இரண்டு மைக்குகளால் பதிந்திருந்தால் எதையும் நீக்காமல், ஒன்றை மட்டும் ‘இன்வர்ட்’ செய்து (அலையைத் தலைகீழாக்கி), மோனோவாக்கிக் கேட்டு, அடிக்குரல் நிறைவாக ஒலிக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: ஒலியளவு

நிலையம் கேட்கும் அளவே இறுதி. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் ஆர் 128 விதி −23 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) என்கிறது. ஆடாசிட்டியின் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ இதைச் செய்துவிடும்; இலவசமாகக் கிடைக்கும் அதை விட்டுக் காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கத் தொடக்கத்தில் தேவையே இல்லை.

படி 6: நன்கொடை வேண்டுகோள்

ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். இந்த நிகழ்ச்சி ஏன் வேறெங்கும் கிடைக்காது என்பதற்கு ஒரு காரணம், ஒரு தொகை, இருமுறை நிதானமாகச் சொல்லும் தொலைபேசி எண் ஆகியவை போதும். பெரிய தொகையை ஒருமுறை கேட்பதைவிடச் சிறிய தொகையை மாதந்தோறும் கேட்பதே நிலையத்தின் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் உதவும் என்பது என் உறுதியான கருத்து. புரவலருக்கு நன்றி சொல்லும்போது கவனம் தேவை: அமெரிக்காவில் வணிக நோக்கற்ற நிலையங்கள் புரவலரின் பொருளுக்கு விலை சொல்வதோ, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் புகழ்வதோ, வாங்கச் சொல்லித் தூண்டுவதோ கூடாது.

பிற்சேர்க்கை

வாட்ஸ்ஆப்பில் வந்த குரல் பதிவைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அது மிகவும் சுருக்கப்பட்ட ஒலி என்பதால், கைப்பேசியின் ரெக்கார்டர் செயலியில் பேசி, அந்தக் கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

வேற்றுமொழிப் பேச்சை எப்படித் தருவது என்பது அடுத்த கேள்வி. பேசுபவரின் குரலை முதல் ஐந்து நொடி முழுதாக ஒலிக்கவிட்டு, பிறகு தணித்து அதன்மேல் மொழிபெயர்ப்பைப் படியுங்கள். அடியில் அந்தக் குரல் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். மொழிபெயர்ப்பைச் சற்று முன்னதாக முடித்து, அவருடைய கடைசி வாக்கியத்தை மீண்டும் முழு ஒலியில் விடுங்கள். அந்த மொழி தெரிந்த நேயர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.