எந்த ஜாங்? சீனப் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெஜியாங் மாகாணத்தில் இருக்கும் இவூ நகரத்துக்குச் சரக்கு எடுக்க வரும் நம்மூர் வியாபாரிகளுக்கு நான் பன்னிரண்டு வருடமாக மொழிபெயர்ப்பு செய்கிறேன். போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு சந்தையில் ஒரு பொத்தான் கடைக்குப் போயிருந்தேன். கடைக்கார அம்மாவின் குடும்பப் பெயர் லி. தம்பி உற்சாகமாக, "லி என்றால் பிளம் மரம்தானே, அழகான பெயர்" என்று சீனத்தில் சொன்னான். அந்த அம்மா சிரித்தார், தேநீர் ஊற்றிக் கொடுத்தார், விலை பேச ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் சொன்னேன்: "தம்பி, அவங்க பிளம் லி இல்லை. 'விடியல்' என்ற சொல்லில் வருகிற லி. சுவரில் மாட்டியிருந்த வணிக உரிமத்தில் எழுதியிருந்தது." அவன் முகம் வாடிவிட்டது. "அப்புறம் ஏன் அவங்க சொல்லலை?" என்று கேட்டான்.

அவர்கள் சொல்ல மாட்டார்கள், அதுதான் சிக்கல். விருந்தாளியைத் திருத்துவது மரியாதை இல்லை என்று நினைத்து, தன் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நானும் இப்படித்தான் பல வருடம் யாரும் திருத்தாமலே தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பிக்காகவும் அவனைப் போல இனி வரப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது ஒரு வாரத்தில் தானாகப் பழகிவிடும்.

அடிப்படையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, கணக்கில் எடுக்காவிட்டால் சீனாவின் பொது மொழியான மாண்டரினில் சுமார் 400 அசைகள்தான் உண்டு. தொனியைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 1,300. ஆனால் சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் இருக்கின்றன. எனவே ஒரே ஒலியைப் பல எழுத்துகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆங்கில எழுத்தில் 'வலி' என்று எழுதினால் அது வலியா, வளியா, வழியா என்று நமக்கே தெரியாது. பள்ளியும் பல்லியும் அங்கே ஒன்றாகிவிடும். அந்தக் குழப்பத்தைப் பத்து மடங்கு பெருக்கினால் சீனப் பெயர்.

'ழ' என்று வாசிப்பது

நம்மவர்கள் மட்டும் செய்யும் தவறு இது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இசட்டும் எச்சும் சேர்ந்தால் ழ. அதே பழக்கத்தில் ஜாங்கை 'ழாங்' என்றும், ஜெஜியாங்கை 'ழெஜியாங்' என்றும் வாசிக்கிறார்கள். சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அது நாக்கை மடித்துச் சொல்லும் ஜ. ழவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

தொனிக்குறி போட்டுவிட்டால் போதும் என்று நம்புவது

கொஞ்சம் படித்தவர்கள் செய்யும் தவறு இது. பின்யின் எழுத்தின் தலையில் குறி போட்டால் எந்த எழுத்து என்று தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

2003 அக்டோபரில், சீனா அனுப்பிய முதல் விண்வெளி வீரராகப் போனவர் யாங் லிவெய். 2012 ஜூனில் போன முதல் சீன வீராங்கனை லியு யாங். இரண்டு பெயரிலும் யாங் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே தொனி, மேலேறும் இரண்டாம் தொனி. ஆனால் அவருடைய யாங் குடும்பப் பெயர், பாப்லர் மரத்தைக் குறிப்பது. இவருடைய யாங் சொந்தப் பெயர், பெருங்கடல். ஆட்டுக்கும் சூரிய ஒளிக்கும்கூட அதே யாங்தான், அதே தொனிதான். தலையில் எத்தனை குறி போட்டாலும் ஆட்டையும் கடலையும் பிரிக்க முடியாது. யாங் லிவெய் பெயரின் நடுவில் வரும் லியையும் பாருங்கள். அது பிளமும் இல்லை, விடியலும் இல்லை, ஆதாயம் என்று பொருள்படும் வேறொரு லி.

ஒலியை வைத்து எழுத்தை ஊகிப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னமும் நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரி ஒருவர், நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், சீரியல் லைட் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அவருக்குப் பணமுடை. சரக்குக் கொடுத்த தொழிற்சாலை முதலாளி, காசை மெதுவாகக் கொடுங்கள் என்று மூன்று மாதம் பொறுத்துக்கொண்டார். அந்த நன்றிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அண்ணாச்சி என்னிடம் யோசனை கேட்டார். பெயர் பொறித்த கல் முத்திரை கொடுக்கலாம் என்றேன். சீனத்தில் அது மரியாதையான பரிசு. இந்த மாகாணத்துச் சிங்தியென் கல் முத்திரைக்கென்றே பேர்போனது. ஹாங்சோவில் 1904இல் தொடங்கிய சீலிங் முத்திரைச் சங்கம் இன்றும் இருக்கிறது. யோசனையில் தப்பே இல்லை.

முதலாளியின் குடும்பப் பெயர் ஜாங். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. கடிதப் போக்குவரத்து எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். ஜாங் என்றதும் எனக்கு ஒரே ஒரு எழுத்துதான் தோன்றியது. 'வில்' ஒரு பக்கம், 'நீளம்' ஒரு பக்கம் சேர்ந்த ஜாங். சீனாவில் வாங், லி ஆகியவற்றுக்கு அடுத்து அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அது, ஒன்பது கோடிப் பேருக்கு மேல். அதுவாகத்தான் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். முத்திரைக்கு 800 யுவான் ஆனது. ஒரு விருந்தில் அண்ணாச்சி இரண்டு கையாலும் அதை நீட்டினார். முதலாளி பெட்டியைத் திறந்து பார்த்தார், நன்றி சொன்னார், பெட்டியை மூடி வைத்தார். முத்திரையைக் காகிதத்தில் பதித்துப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த கொள்முதல் தீபாவளிக்கானது. ஒப்பந்தத்தின் சீனப் பிரதியை நான்தான் தயாரித்தேன். அதிலும் அதே ஊகம், அதே எழுத்து. தொழிற்சாலைக் கணக்கர் முத்திரை குத்த மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் இருப்பவர் எங்கள் முதலாளி இல்லை, உரிமத்தில் இருக்கும் பெயர் வேறு என்றார். உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவருடைய ஜாங், 'நில்' மேலே, 'அதிகாலை' கீழே இருக்கும் ஜாங். ஒலி ஒன்று, தொனியும் ஒன்று. இரண்டுமே முதல் தொனி.

ஒப்பந்தத்தைத் திருத்தி, இரு பக்கமும் மறுபடி கையெழுத்து வாங்குவதற்குள் நிங்போ துறைமுகத்திலிருந்து கிளம்ப வேண்டிய கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் ஏற்றிய சரக்கு தீபாவளி முடிந்துதான் சென்னைக்கு வந்தது. அண்ணாச்சி பாதி விலைக்குத் தள்ளினார். "ஒரே ஒரு எழுத்துதானே தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காசு போனது ஒரு பக்கம். இன்னொன்றுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த இரண்டாவது ஜாங்குக்கு என்ன பொருள் தெரியுமா? அத்தியாயம் என்று ஒரு பொருள் உண்டு. இன்னொரு பொருள் முத்திரை. முத்திரையைச் சீனத்தில் யின்ஜாங் என்பார்கள். அந்த ஜாங் இந்த ஜாங்தான். தன் பெயரிலேயே முத்திரையைச் சுமக்கும் ஒரு மனிதருக்கு, வேறொரு குடும்பத்தின் பெயரைப் பொறித்த முத்திரையை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சரியான எழுத்தைப் பொறித்திருந்தால் அவர் வாழ்நாளெல்லாம் வைத்திருக்கக்கூடிய பரிசு.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஜெஜியாங்கில் அந்த ஜாங் அபூர்வமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றறிஞர் ஜாங் ஷுவெசெங், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்றிருந்த மொழியறிஞர் ஜாங் தாயியென் இருவரும் இந்த மாகாணத்துக்காரர்கள், இருவரும் 'அதிகாலை' ஜாங். சினிமா பார்ப்பவர்களுக்கு வேறு உதாரணம்: இயக்குநர் ஜாங் யிமோவும் அவர் படங்களில் நடித்த ஜாங் ஸியியும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் 'வில்', இவர் 'அதிகாலை'.

எண்ணிக்கையை வைத்து ஊகித்தால் பெரும்பாலும் சரியாக வரும் என்பது உண்மைதான். பெரும்பாலும் சரியாக வருவதால்தான் நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். தப்பாகும் அந்த ஒரு தடவை, எதிரில் இருப்பவருக்கு அது அப்பா, தாத்தா வழியாக வந்த பெயர்.

முத்திரைக் கல்லின் முகத்தை இழைத்துவிட்டு மறுபடி செதுக்கலாம். அப்படிச் செய்து, நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு அவர் சிவப்பு மையில் ஒற்றிக் காகிதத்தில் பதித்துப் பார்த்தார்.

வெய் என்றால் ஆண் என்று முடிவு கட்டுவது

பிரம்மாண்டம் என்ற பொருளில் ஒரு வெய் இருக்கிறது, ஆண்களுக்கு அதிகம் வைப்பது. ஒரு செடியின் பெயரான வெய்யும் இருக்கிறது, அது பெண்களுக்கு வைப்பது. கடிதத்தில் 'ஐயா' போடுவதற்கு முன்னால் விசாரியுங்கள்.

இணையத்தில் தேடி அர்த்தம் சொல்வது

வேண்டாம்.

எல்லாமே பின்யின் என்று நினைப்பது

பின்யின் 1958இல்தான் சீனாவில் அதிகாரபூர்வமானது. கடல் கடந்து போனவர்களின் பெயர்கள் அதற்கு முன்பே ஹொக்கியன், தியோச்சியூ, கேண்டனீஸ் ஆகிய தென்சீனப் பேச்சுமொழிகளின் ஒலிகளில் பதிவாகிவிட்டன. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் சீன வியாபாரியின் அட்டையைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங்கின் வோங், மஞ்சள் என்று பொருள்படும் குடும்பப் பெயர், மாண்டரினில் ஹுவாங். ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் வோங், அரசன் என்று பொருள்படும் பெயர், மாண்டரினில் வாங். எழுதுவது ஒரே மாதிரி, குடும்பம் வேறு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1985 முதல் 1993 வரை சிங்கப்பூரின் அதிபராக இருந்த வீ கிம் வீ. முதல் வீ, லாரன்ஸ் வோங்கின் அதே மஞ்சள். கிம், தங்கம். கடைசி வீ, ஒளி. ஒரே மனிதரின் பெயரில் இரண்டு தடவை வரும் வீ, இரண்டு வெவ்வேறு எழுத்து.

வரலாற்றில் இரண்டு பேரை ஒருவராக்குவது

'நவீனச் சீன எழுத்தின் முன்னோடியான லு ஷுன் மூன்று அரசுகள் காலத்தில் தளபதியாக இருந்தார்' என்பதுபோல ஒரு வாக்கியத்தைத் திருத்தக் கொடுத்தார்கள். எழுத்தாளர் லு ஷுன் 1881இல் ஷாவ்ஷிங்கில் பிறந்தவர். இயற்பெயர் ஜோ ஷுரென். லு என்பதை அம்மாவின் குடும்பப் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டார். தளபதி லு ஷுன், கி.பி. 222இல் யிலிங் போரில் லியு பெய்யைத் தோற்கடித்தவர். இருவருடைய பெயரிலும் இரண்டு எழுத்துமே வேறு.

அரச வம்சங்களிலும் இதே தொல்லை. ஷாங் வம்சத்தின் கடைசி மன்னன் பெயர் ஜோ. அவனை வீழ்த்தி வந்த வம்சத்தின் பெயரும் ஜோ. தொனி வேறு, எழுத்து வேறு, ஆனால் குறியில்லாமல் எழுதினால் மன்னன் தன்னைத்தானே வீழ்த்தியதுபோல ஆகிவிடும். ஜின் வம்சமும் அப்படியே: 266 முதல் 420 வரை ஒன்று, 1115 முதல் 1234 வரை மற்றொன்று. பின்னதற்குத்தான் தங்கம் என்று பொருள்.

இதன் மறுபக்கம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. காஞ்சிக்கு வந்த துறவியை ஒரு புத்தகத்தில் யுவான் சுவாங் என்றும் இன்னொன்றில் ஹியூன் சாங் என்றும் படித்துவிட்டு, இருவர் வந்தார்கள் என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஷுவான்ஸாங் ஒருவர்தான்.

கேட்கக் கூச்சப்படுவது

சீனர்களே ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. "நான் ஜாங்" என்றால், "எந்த ஜாங்?" என்பார்கள். பதிலும் தயாராக இருக்கும். வில், நீளம், ஜாங். அல்லது நில், அதிகாலை, ஜாங். பிளம் லிக்காரர் மரம், குழந்தை, லி என்பார். சென் என்பவர் காது, கிழக்கு, சென் என்பார். எழுத்தைத் துண்டாகப் பிரித்துச் சொல்லும் வழி இது. பிரிக்க வராத எழுத்தென்றால், எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்லி, அதில் வருவது என்பார்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. தன் பெயரைச் சரியாக எழுத நினைக்கிறான் என்று சந்தோஷப்படுவார்கள். பத்திரம், ஒப்பந்தம் என்றால் கேட்டதோடு நிற்காமல் உரிமத்தின் நகலையும் வாங்கி, எழுத்தைப் பார்த்து எழுதுங்கள்.

போன வாரம் அதே தம்பியோடு ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் பெயர் யூ என்றார். யூ என்ற ஒலியில், ஒரே தொனியில் மட்டும் நான்கைந்து குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. தம்பி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம் திரும்பி, "எந்த யூ?" என்று கேட்டுத் தன் உள்ளங்கையை நீட்டினான். அவர் தராசை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் ஏழு கோடு இழுத்தார். "புத்தாண்டுக்கு மீன் வைத்து, வருடா வருடம் மிச்சம் இருக்கட்டும் என்று வாழ்த்துவோமே, அதில் மிச்சம் என்று வரும் யூ" என்றார்.