மண்பாதைக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே சைக்கிள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் மவுன்டன் பைக் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கையில் 20,000 ரூபாய். கடைக்குள் நுழைந்ததும் நேராக ஒரு சிவப்பு வண்டியிடம் போய் நின்றான். முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்த வண்டி. சீட்டில் கை வைத்து அமுக்கினான். பொதுக்கென்று இறங்கி மேலே வந்தது. "பாருங்கண்ணா, பள்ளமே தெரியாது" என்றான்.

அவன் ஓட்டப்போகிற பாதை எனக்குத் தெரியும், என் பாதையும் அதுதான். கோவை வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர் பக்கம் தார் ரோடு, அப்புறம் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே செம்மண் வண்டித்தடம், திரும்பவும் தார். முப்பது கிலோமீட்டர் போனால் மண்ணில் ஓடுவது ஆறேழுதான். பலருக்கும் கணக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் கடையில் நிற்கும்போது மனசுக்குள் ஓடுவது அந்த ஆறு கிலோமீட்டர் மட்டும்தான். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ரூ.15,000 முதல் 30,000 வரையிலான வண்டியில் பின் ஷாக் வேண்டவே வேண்டாம். இந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். அமுங்கியது எவ்வளவு வேகத்தில் எழும்ப வேண்டும் என்று கட்டுப்படுத்த உள்ளே எதுவும் இருக்காது. ஒவ்வொரு மிதிக்கும் சீட் மேலும் கீழும் ஆடும். காலின் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடும். பிரேம் மடங்குகிற இடத்திலுள்ள புஷ் சேற்றிலும் மழையிலும் தேய்ந்து கடகடவென்று சத்தம் போடும். இதையெல்லாம் விட, அந்த ஷாக்குக்கான காசு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். பிரேக்கிலும் ஹப்பிலும் (சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் பகுதி) டயரிலும் கை வைத்துத்தான் வந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தாராளமாகச் செலவழித்திருந்தால், தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்திருப்பார்கள். விலை குறைந்த வண்டியில் நான் பார்ப்பதெல்லாம் அந்தத் தெரியாத இடங்களைத்தான்.

முன்னால் மட்டும் ஷாக் இருந்தால் போதும். அதில் லாக்அவுட் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். தார் ரோட்டில் பூட்டிவிட்டு, மண்ணில் இறங்கும்போது திறந்துகொள்ளலாம். 4 அங்குல டயர் போட்ட ஃபேட் பைக் இப்போது பார்க்கிற இடமெல்லாம் நிற்கிறது. அது மணலுக்கும் பனிக்கும் செய்தது. தார் ரோட்டில் பத்து கிலோமீட்டர் மிதித்தாலே தொடை சொல்லிவிடும்.

அடுத்து, "21 கியர்" என்கிற எழுத்து. முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. ஆனால் 21 விதமான கனம் அதில் கிடையாது. முன்னால் 42, 34, 24 பல், பின்னால் 14 முதல் 28 வரை என்பது வழக்கமான அமைப்பு. முன் 42, பின் 28-இல் போட்டால் காலை ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். முன் 24, பின் 16-இல் போட்டாலும் அதே ஒன்றரைதான். அதனால் கியரின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, முன்னால் மிகச் சிறிய பல்சக்கரமும் பின்னால் மிகப் பெரியதும் எத்தனை பல் என்று கேளுங்கள். மேட்டில் காப்பாற்றுவது அந்த ஜோடிதான். 24-க்கு 34 கிடைத்தால் மருதமலை ரோட்டை உட்கார்ந்தபடியே ஏறலாம். முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்த புது வண்டிகள் பராமரிக்கச் சுலபம், எனக்கும் பிடிக்கும். ஆனால் முன் 32, பின் 34 என்றால் புதிதாக ஓட்டுகிறவருக்கு மேட்டில் கொஞ்சம் திணறும்.

பின் சக்கரத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ஃப்ரீவீலா, கேசட்டா? பின் பல்சக்கர அடுக்கு ஹப்பில் பொருந்துகிற இரண்டு விதங்கள் இவை. ஃப்ரீவீல் ஹப்பின் மேல் மரையில் திருகி உட்காரும். அதனால் செயின் பக்கத்து பேரிங் அச்சின் முனையிலிருந்து உள்ளே தள்ளிப் போய்விடும். கனமான ஆள் குழியில் இறக்கினால் அச்சு வளைவது இதனால்தான். கேசட் ஹப்பில் பேரிங் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும், தாங்கும். அடையாளம் வேண்டுமென்றால் பின்னால் மிகச் சிறிய பல்சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள். 11 அல்லது 12 என்றால் பெரும்பாலும் கேசட், 14 என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல். உங்கள் எடை 80 கிலோவுக்கு மேல் என்றால் வேறெதில் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள்.

"டிஸ்க் பிரேக்" என்று கேட்டதும் திருப்தி ஆகிவிடுவதும் தவறுதான். கேபிளில் இயங்கும் மலிவான டிஸ்க்கைவிட, நன்றாகச் சரிசெய்த வி-பிரேக் (ரிம்மை ரப்பர் கட்டையால் பிடிப்பது) காய்ந்த ரோட்டில் தைரியமாக நிறுத்தும். சேற்றில் மட்டும் டிஸ்க்தான் ஜெயிக்கும். காசு இடம் கொடுத்தால் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க்) வாங்குங்கள், ஒரு விரலில் பிடிக்கும். மலையில் இறங்குகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. 1976-இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலையிறங்கும் பந்தயம் நடத்தினார்கள். மவுன்டன் பைக் பிறந்த கதை அதுதான். இறங்கி முடிப்பதற்குள் ஹப் பிரேக் சூடாகி உள்ளே கிரீஸ் புகைந்துவிடும், திரும்பத் திரும்பப் புதுசாக அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' (திரும்ப அடைப்பது) என்று பேர் வந்தது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அங்கே இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபிடியாக வைத்திருக்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள்.

அளவில் நம் ஊரில் ஒரு குழப்பம் இருக்கிறது. சின்ன வயதில் 20 இஞ்ச், 24 இஞ்ச் என்று சக்கரத்தை வைத்தே சைக்கிள் வாங்கிப் பழகிவிட்டோம். அதே பழக்கத்தில், "உயரமான ஆளா, 29 எடுங்க" என்று கடையில் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கேற்ற அளவு என்பது பிரேமின் அளவுதான். ஒரே 29 இஞ்ச் சக்கரத்தில் 15, 17, 19 என்று பிரேம் வரும். வண்டியின் இரு பக்கமும் கால் ஊன்றி, மேல் குழாய்க்கு மேலே நின்று பாருங்கள். குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். மண்பாதையில் சட்டென்று கால் ஊன்றும்போது அந்த இரண்டு அங்குலத்தின் அருமை தெரியும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று அளவு சேராததை எடுத்தால் முழங்காலும் இடுப்பும் வலிக்கும், வண்டி வாசலில் தூசி படியும்.

டயருக்கு வருவோம். இரண்டு பாதைக்கும் ஒரே வண்டி என்றால் முடிவு செய்வது டயர்தான். பெரிய பெரிய குமிழ் வைத்த டயர் தார் ரோட்டில் 'ங்ங்' என்று இரைந்துகொண்டே வேகத்தைத் தின்னும். நடுவில் நெருக்கமாக, கிட்டத்தட்ட ஒரே கோடாக ஓடும் பட்டையும், ஓரத்தில் மட்டும் குமிழும் இருப்பதாக 1.95 முதல் 2.2 அங்குலத்துக்குள் தேடுங்கள். காற்றையும் பாதைக்கேற்ப மாற்ற வேண்டும். என் எடை 70 கிலோ. தாரில் 45 பிஎஸ்ஐ, மண்ணில் 30. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டாதீர்கள். டியூபில் மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற வால்வு இருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடிக்கலாம். அப்புறம் சீமைக் கருவேல முள். வண்டித்தடத்தின் ஓரம் முழுக்க அதுதான், டயரைத் துளைத்து நேராக டியூபுக்குப் போகும். ஒரு உதிரி டியூப், டயர் லீவர், கைப்பம்ப், ஹெல்மெட், விளக்கு, பூட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து மூவாயிரம் நாலாயிரம் ரூபாயை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

தம்பி கடைசியில் எடுத்தது சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரண வண்டி. முன் ஷாக் மட்டும், எட்டு கியர் கேசட், அவனுக்குச் சரியான பிரேம். பில் போடுமுன் பார்த்தால் முன் ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது, இடது பக்கம் இருக்க வேண்டிய, டிஸ்க் பிடிக்கும் காலிப்பர் வலது பக்கம் வந்து நின்றது. பெட்டியைப் பிரித்து அவசரமாகப் பூட்டுகிற இடங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. சொன்னதும் கழற்றித் திருப்பி மாட்டிக் கொடுத்தார்கள். பெடலையும் கையால் திருகிப் பாருங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் ஸ்பேனர் போட்டு அழுத்தியிருந்தால் கிராங்க்கின் (பெடல் மாட்டும் கையின்) மரையே போய்விடும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில்பார் கழுத்தில் டொக் டொக் என்றால் இறுக்கச் சொல்லுங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் கியர் கேபிள் தளரும், ஸ்போக்குகளும் கொஞ்சம் இளகும். அதற்காக ஒரு சர்வீஸ் இலவசம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.