எலெக்ட்ரிக் கிட்டார் பாடிக்கு அயனியா, பலாவா, ரப்பரா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வைப் பிடிப்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பின் காந்தமும் செம்புச் சுருளும்தான். மரத்தின் சத்தம் நேராக ஆம்ப்புக்கு (ஒலிபெருக்கிக்கு) போவதில்லை. தந்தியின் அதிர்வை மரம் எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது என்பதில் மட்டுமே அதற்குப் பங்கு உண்டு. அதுவும் சிறிய பங்கு. 1969-இல் ஆம்பெக் கம்பெனி அக்ரிலிக் பாடியிலேயே கிட்டார் செய்து விற்றது. எனவே வெளிநாட்டுக் கிட்டார்களில் வரும் ஆல்டர், மேப்பிள் மரங்கள் கிடைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் கிடைக்கும் மரமே போதும்.

முதலில் எடையைப் பாருங்கள். 45 மி.மீ. கனமுள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவ பாடி ஆல்டரில் ஏறக்குறைய 2 கிலோ வரும். அயனியிலோ பலாவிலோ செய்தால் அரைக் கிலோ வரை கூடலாம், தேக்கில் இன்னும் கூடும். பாடியின் முன்பக்கம் மூடும் பிக்கார்டு தகட்டுக்கு அடியில் குடைந்து எடுத்தால் தோள் பிழைக்கும், ஒலியும் கெடாது. ரப்பர் மரம் மலிவு. ஆனால் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தியதை மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் நீலப் பூஞ்சை பூக்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும்.

இனத்தைவிட முக்கியம் ஈரம். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமழை பெய்யும் ஊர் இது. பச்சைப் பலகையில் வேலை செய்தால் நெக் (கிட்டாரின் கழுத்து) உட்காரும் குழி கோணும், ஒட்டு விடும். பலகையின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, இடையில் ரீப்பர் வைத்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வெயில் காலத்திலும் எடை இறங்காமல் நின்றால் உலர்ந்துவிட்டது. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்த அயனி உத்திரம் கிடைத்தால் விடாதீர்கள். மில்லில் ஏற்றுமுன் காந்தத்தால் தடவிப் பாருங்கள், உள்ளே ஆணி முறிந்து கிடக்கும்.

ஒலி மந்தமாவதற்கு மரத்தைவிட நெக் இணைப்பே பெரும்பாலும் காரணம். குழியின் ஆழம் 16 மி.மீ. ஸ்க்ரூ போடாமலே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடி கழன்று விழக் கூடாது. 4.2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு பாடியில் 4.5 மி.மீ. துளை, நெக்கில் 3 மி.மீ. துளை. பாடியிலும் மரை கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே இடைவெளி நிற்கும். பலர் மரத்தின்மேல் பழி போடுவது இங்கேதான்.

அடுத்தது பிக்கப் உயரம். நெக்கின் குறுக்கே பதித்த கம்பிகளில் கடைசியான ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், சிங்கிள் காயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்பில்) தடித்த தந்திப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 1.6 மி.மீ. இருக்கட்டும். இதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியை அலைய வைக்கும்.

லாக்கரை மாசி, பங்குனியில் அடியுங்கள். மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளை படியும்.