சோலார் போடும் முன் மீட்டரைப் பாருங்கள்
சிங்கப்பூரில் தரைவீட்டில், அதாவது சொந்தக் கூரையுள்ள வீட்டில், சோலார் தகடு போட விலை கேட்கும் முன், ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தப் பகல்நேரச் செலவை வைத்தே அளவை முடிவு செய்யுங்கள். வெயில் நேரத்தில் நாமே பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் முழுக் கட்டணத்தை மிச்சப்படுத்தும். மிஞ்சியதைப் பொது மின்கட்டமைப்புக்கு அனுப்பினால் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். துணி துவைப்பதையும் நண்பகலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், கூரை தெற்கு பார்க்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அதிகச் சரிவில்லாத கூரைக்குத் திசை பெரிய விஷயமில்லை. பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டினருக்கும் இது பொருந்தாது, கூரை அவர்கள் கையில் இல்லை.