டேம் பூங்காவுக்குக் கேமராவோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் கல்யாணம் நிச்சயமானால் அடுத்த பேச்சே "டேம்ல ஒரு ஷூட் போட்டுடலாமா?" என்பதுதான். குறும்படம், ரீல்ஸ் எடுக்கிற பையன்களுக்கும் கே.ஆர்.பி. அணைதான், அதாவது கிருஷ்ணகிரி அணைதான் ஸ்டூடியோ. கிருஷ்ணகிரியிலிருந்து 7 கிலோமீட்டர்தான். பூங்கா, மதகு, தண்ணீர், தூரத்தில் குன்று என்று ஒரே நடையில் நாலு லொகேஷன் கிடைத்துவிடும்.

டிக்கெட் வாங்கினால் ஷூட்டிங்குக்கும் அனுமதி கிடைத்த மாதிரி என்று நினைப்பதுதான் முதல் தவறு. கையில் செல்போன் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்டாண்டும் ரிஃப்ளெக்டரும் இறங்கியதும் காவலாளி வந்துவிடுவார். ஒருமுறை நாங்கள் பத்துப் பேர் மேக்கப்போடு போய், அரை நாள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். தப்பு எங்கள் மேல்தான். அணை நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது. அங்குள்ள பொறியாளர் அலுவலகத்தில் முன்னதாகவே கேளுங்கள். தேதி, ஆள் கணக்கு, சாமான் விவரம் எல்லாம் எழுதிய கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

ட்ரோன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அணைக்கு மேலே பறக்கவிடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் அணை அலுவலகத்திலும் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு பெரிய ட்ரோன் பறக்கவிடுகிறவரிடம் சான்றிதழைக் காட்டச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது தண்ணீர். மதகுக்குக் கீழே பாறையில் நின்றால் படம் அழகாக வரும், சரி. ஆனால் இந்த அணைக்குத் தண்ணீர் தரும் தென்பெண்ணை ஆறு பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலையில். இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே அங்கே மழை கொட்டும். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் திறந்துவிட்டால் தண்ணீர் நேராக இங்கேதான் வரும். 52 அடி கொள்ளும் அணையில் மட்டம் ஏற ஏற, மதகு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்று காலையிலேயே செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒகேனக்கல் போகிறவர்களுக்கும் இதேதான். நீர்வரத்து கூடிப் பரிசலை நிறுத்திவிட்டால், பரிசல்காரரிடம் கெஞ்சாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். மணமக்கள் கண்ணோடு கண் பார்க்கும்போது பின்னால் ஒரு பெரியவர் துண்டை விரித்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார். அவரை நகரச் சொல்ல நமக்கு என்ன உரிமை? வார நாளில், விடிந்த சூட்டோடு போனால் வெளிச்சமும் பதமாக இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும்.

டேம் மீன் வறுவலைக் கடைசி ஷாட்டுக்கு அப்புறம் வாங்குங்கள். பட்டுப்புடவையில் அந்த மசாலா பட்டால் எந்த எடிட்டராலும் எடுக்க முடியாது.